மிக்ஸருக்கு ஒரு பக்கம், ஆம்புக்கு ஒரு பக்கம்: ஃபில்டருக்கு டாகிள் சுவிட்ச் வைப்பது

கைப்படச் செய்த டிஸ்டார்ஷன் பெடலை வீட்டில் கிட்டார் ஆம்ப் வழியாகக் கேட்டால் இதமாக இருக்கும். அதையே மேடைக்கு எடுத்துப்போய், ஆம்ப் இல்லாததால் நேரே மிக்ஸரில் சொருகினால் காது கூசும். நம் ஊரில் வாசிப்பவர்கள் பலருக்கும் இந்த இரண்டாவது நிலைமைதான் வழக்கம். கல்யாணக் கச்சேரியோ, கோயில் திருவிழா மெல்லிசையோ, சர்ச் பாடகர் குழுவோ, மேடையில் கிட்டார் ஆம்ப் கிடைப்பது அபூர்வம். மைக்செட்காரர் ஒரு ஒயரை நீட்டி, “இதுல போட்டுக்குங்க” என்பார். ஆகவே உங்கள் பெடலில் ஒரே ஒரு டாகிள் சுவிட்சுக்குத்தான் இடம் இருக்கிறது என்றால், மிக்ஸருக்கும் ஆம்புக்கும் ஏற்ப ஃபில்டரை மாற்றும் வேலைக்கே அதைக் கொடுங்கள். மற்ற ஃபில்டர் வசதிகள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

புதுச்சேரி மூலக்குளத்தில் என் மேசைக்கு வரும் பெடல்களில் பல, பழுது எதுவும் இல்லாமல்தான் வருகின்றன. வில்லியனூர்ப் பக்கம் சர்ச்சில் வாசிக்கும் ஒரு தம்பி தன் பெடலை நீட்டி, “அண்ணே, வீட்ல சூப்பரா இருந்துச்சு. மாதா கோயில்ல போட்டா கொசு கத்துற மாதிரி கேக்குது, என்னா ஆச்சுன்னு பாருங்க” என்றான். சாலிடரிங் சுத்தமாக இருந்தது, மதிப்புகள் எல்லாம் சரியாக இருந்தன. அவன் பின்பற்றிய சர்க்யூட் வரைபடத்தில் சொல்லாமல் விட்ட ஒரு பாகம்தான் அங்கே இல்லை. அந்தப் பாகம் ஸ்பீக்கர்.

கிட்டாரின் தடித்த ஈ கம்பி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. டிஸ்டார்ஷன் அந்த அலையின் தலையை வெட்டும்போது, அதன் மடங்குகளில் புதிய ஒலிகள் பிறக்கின்றன. 164, 246 என்று தொடங்கி 10 கிலோஹெர்ட்ஸையும் தாண்டி அவை போகும். கிட்டார் ஆம்பில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று தளர்ந்துவிடும். மேலே இருக்கும் சரசரப்பை அது வெளியே விடுவதில்லை. ஜப்பானில் உருவான டியூப் ஸ்க்ரீமர், அமெரிக்காவின் மிச்சிகனில் உருவான ராட், நியூயார்க்கின் பிக் மஃப் ஆகிய பெடல்கள் எல்லாமே கடைசியில் இப்படியொரு ஸ்பீக்கர் இருக்கும் என்ற நம்பிக்கையில் அமைந்தவை. திருவிழா மேடையின் ஸ்பீக்கர் பெட்டியில் ஹார்ன் இருக்கிறது. பாடகரின் ‘ச’வும் ‘ஸ்’ஸும் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காக 15 கிலோஹெர்ட்ஸ் வரை விடாமல் கொடுப்பது அதன் வேலை. அது தன் வேலையைச் சரியாகச் செய்வதால்தான் உங்கள் கிட்டார் கத்துகிறது.

இதற்கு டோன் குமிழ் போதாதா என்று கேட்பீர்கள். குமிழை மேடைக்கு ஒரு இடம், வீட்டுக்கு ஒரு இடம் என்று மாற்றி மாற்றி வைக்க வேண்டியிருக்கும். வாசிக்கும் பாட்டுக்கேற்ப நுணுக்கமாகத் திருப்ப அதில் இடம் மிஞ்சாது. இடம் மாறுவது ஒரு விஷயம், பாட்டு மாறுவது வேறு விஷயம். முதலாவதற்கு டாகிள், இரண்டாவதற்குக் குமிழ். ஜூன் 21 அன்று புதுச்சேரியில் நடக்கும் ஃபெத் த லா மியூசிக் இசைவிழா மாதிரியான நாட்களில் ஒரு குழு ஒரே மாலையில் இரண்டு இடங்களில் வாசிக்க நேரலாம். ஓரிடத்தில் ஆம்ப் இருக்கும், அடுத்த இடத்தில் மிக்ஸர்தான். இருட்டில் விரலால் தடவிப் பார்த்தே எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியும் வசதி டாகிளுக்குத்தான் உண்டு.

சுவிட்சைத் தெரிந்துகொள்வது

சென்னை ரிச்சி தெருவிலோ வேறெங்கோ போய் டாகிள் சுவிட்ச் என்று மட்டும் கேட்டால், “த்ரீ பின்னா, சிக்ஸ் பின்னா?” என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பார். எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். எம்டிஎஸ் 102 என்பது மூன்று கால், இரண்டு நிலை. எம்டிஎஸ் 103 என்பது மூன்று கால்தான், ஆனால் நடுவிலும் நிற்கும். நடுவில் எதையும் எதோடும் சேர்க்காது. 202, 203 என்பவை முறையே அவற்றின் ஆறு கால் வடிவம். இரண்டு தனித்தனி சுவிட்சுகள் ஒரே நெம்பில் ஆடுகின்றன. பலகையில் 6 மில்லிமீட்டர் துளை போதும். கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் 6.5 போடுங்கள். ஸ்விட்ச் போர்டுக்கு விற்கும் பெரிய டாகிளை வாங்காதீர்கள். பெடல் பெட்டிக்குள் அது அடங்காது.

மூன்று காலில் நடுக்கால்தான் பொது. நெம்பு மேலே இருக்கும்போது நடுக்கால் கீழ்க்காலோடு சேர்ந்திருக்கும். கீழே தள்ளினால் மேல்காலோடு சேரும். உள்ளே ஒரு சிறு தகடு நடுவில் தாங்கி ஆடுவதால் இப்படித் தலைகீழாக வருகிறது. புதிதாகச் செய்பவர்கள் பெயர்ப்பலகை ஒட்டிய பிறகு ‘மாறிப் போச்சே’ என்று வருந்துவது இங்கேதான். மல்டிமீட்டரைப் பீப் நிலையில் வைத்து, ஒரு முனையை நடுக்காலில் பிடித்து, நெம்பை ஆட்டிப் பார்த்து, கால்களின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் குறித்துவிட்டுப் பிறகு அயர்னைக் கையில் எடுங்கள். ஆறு கால் சுவிட்சில் எந்த மூன்று ஒரு வரிசை என்பதையும் அப்போதே குறித்துவிடலாம்.

இந்தச் சுவிட்சுகளின் உடலில் 3 ஆம்பியர் 250 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். பார்க்கப் பெருமையாக இருந்தாலும் நமக்கு அது அவ்வளவு நல்ல செய்தி அல்ல. அந்த அளவு கரண்ட் ஓடும் இடத்தில் தொடுமுனையின் வெள்ளிப் பூச்சு மேல் படியும் கறை தானாகவே எரிந்து சுத்தமாகும். பெடலில் ஓடுவதோ மில்லிஆம்பியரில் ஒரு சிறு பங்கு. கறை அப்படியே நிற்கும். கடற்கரை ஊரில், அதுவும் ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் இரண்டு மாதம் தொடாமல் வைத்த சுவிட்ச் முதல்முறை தள்ளும்போது கரகரப்பது இதனால்தான். தங்கப் பூச்சுத் தொடுமுனை உள்ளது கிடைத்தால் கூடுதல் பணம் கொடுத்தே வாங்கலாம். கிடைக்காவிட்டால் மூன்று கால் தேவைப்படும் இடத்தில் ஆறு கால் சுவிட்சைப் போட்டு, இரண்டு வரிசையையும் ஒன்றோடொன்று இணைத்துவிடுங்கள். ஒரு தொடுமுனை கைவிட்டாலும் பக்கத்தில் இருப்பது தாங்கும். இந்த ஊரில் நான் செய்யும் எல்லாப் பெடலிலும் இதைத்தான் செய்கிறேன்.

சாலிடர் செய்யும் விதத்தையும் சொல்லிவிட வேண்டும். கால்களைப் பிடித்திருப்பது பிளாஸ்டிக். 25 வாட் அயர்னை ஐந்தாறு விநாடி அழுத்திப் பிடித்தால் பிளாஸ்டிக் இளகி, கால் ஒரு மயிரிழை சாயும். அதற்குப் பிறகு சுவிட்ச் ஒரு பக்கம் சேரும், மறுபக்கம் சேராது. முதலில் காலை பிளேடால் லேசாகச் சுரண்டி மங்கலை எடுங்கள். காலுக்கும் ஒயர் நுனிக்கும் தனித்தனியாக லெட் பூசிக்கொள்ளுங்கள். பிறகு ஒயரைத் துளையில் கோத்து இரண்டு விநாடி தொட்டால் லெட் ஓடிப் பளபளவென்று உட்காரும். அடுத்த காலுக்குப் போகும் முன் சுவிட்ச் ஆறட்டும். வேலை முடிந்ததும் நெம்பைப் பல முறை ஆட்டிப் பாருங்கள். டக் என்ற சத்தம் முதலில் இருந்த மாதிரியே கூர்மையாகக் கேட்க வேண்டும். மொத்தையாகக் கேட்டால் உள்ளே இளகிவிட்டது. அந்தச் சுவிட்சை நம்பாதீர்கள்.

கணக்கு ஒன்றே ஒன்று

ஃபில்டர் என்றால் பெரிய கணிதம் தேவையில்லை. ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெப்பாசிட்டரும் சேர்ந்து எங்கே வெட்டத் தொடங்கும் என்பதற்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. கிலோ ஓமையும் நானோஃபேரடையும் பெருக்குங்கள். வரும் எண்ணால் 1,59,000-ஐ வகுத்தால் ஹெர்ட்ஸ் கிடைக்கும். 10 கே, 3.3 நானோ என்றால் பெருக்கல் 33. வகுத்தால் சுமார் 4,800 ஹெர்ட்ஸ். கெப்பாசிட்டரைப் பெரிதாக்கினால் எண் இறங்கும். இணையாகச் சேர்க்கும் கெப்பாசிட்டர்கள் ஒன்றோடொன்று கூடும். இவ்வளவு போதும். கெப்பாசிட்டரில் 332 என்று போட்டிருந்தால் 3.3 நானோ, 472 என்றால் 4.7 நானோ, 104 என்றால் 100 நானோ.

இந்தக் கணக்கு ஒரு வீண் வேலையிலிருந்தும் உங்களைக் காப்பாற்றும். உள்ளே வரும் இடத்தில் இருக்கும் கெப்பாசிட்டரை டாகிளால் மாற்றினால் பாஸ் கூடும், குறையும் என்று பலரும் சொல்வார்கள். ஃபஸ் ஃபேஸ் மாதிரியான பழைய சர்க்யூட்டில் அது உண்மை. அதன் உள்நுழைவு எதிர்ப்பு 10 கே அளவில்தான் இருக்கும். அங்கே 100 நானோ போட்டால் 159 ஹெர்ட்ஸில் வெட்டும். காதுக்கு நன்றாகவே தெரியும். டியூப் ஸ்க்ரீமரில் அதே இடத்தில் 20 நானோவும் 510 கே-யும் இருக்கின்றன. கணக்குப் போடுங்கள்: 16 ஹெர்ட்ஸ் கூட வராது. கிட்டாரின் மிகக் கீழ் ஸ்வரமே 82. அங்கே 20 நானோவை 100 ஆக்கினாலும் எந்தக் காதுக்கும் வித்தியாசம் தெரியாது. துளை போட்டு, சுவிட்ச் வைத்து, ஒன்றும் நடக்காமல் ஏமாறுவதை விட இரண்டு எண்ணைப் பெருக்கிப் பார்ப்பது எளிது.

டியூப் ஸ்க்ரீமரில் பாஸைத் தீர்மானிக்கும் இடம் வேறு. முதல் ஆப்-ஆம்பின் பின்னூட்டத்திலிருந்து கிரவுண்டுக்குப் போகும் வழியில் 4.7 கே-யும் 47 நானோவும் தொடராக இருக்கின்றன. பெருக்கல் 221, அதாவது 720 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே இருப்பது அவ்வளவாக டிஸ்டார்ட் ஆவதில்லை. அந்தப் பெடலின் இறுக்கமான குரல் அங்கிருந்துதான் வருகிறது. 47 நானோவோடு இன்னொரு 100 நானோவை டாகிள் வழியாக இணையாகச் சேர்த்தால் 147 ஆகும்; எண் 230 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். ஒரு தள்ளலில் ஒலி தடிக்கும். தனியாக வாசிக்கும்போது இது நன்றாக இருக்கும். பாஸ் கிட்டாரும் தவிலும் கூட இருக்கும் மேடையில் பழைய 47-க்கே திரும்பி வாருங்கள்.

‘பட்’ என்ற சத்தம்

இப்படி வைத்த சுவிட்சைத் தள்ளினால் ஸ்பீக்கரில் ‘பட்’ என்று ஒரு வெடி கேட்கும். காரணம் எளிது. அந்த இடத்தில் சிக்னலோடு 4.5 வோல்ட் டிசி-யும் இருக்கிறது. ஓரமாகத் தொங்கிக்கொண்டிருந்த 100 நானோ கெப்பாசிட்டர் காலியாக இருந்தது. சுவிட்ச் சேர்ந்த கணத்தில் அது தன்னை நிரப்பிக்கொள்ள ஒரேயடியாக இழுக்கிறது. அந்த இழுப்பு முழுப் பெருக்கத்தோடு வெளியே போகிறது. பெரிய சவுண்ட் பெட்டி இருக்கும் மேடையில் இந்த வெடி முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களைத் திடுக்கிட வைக்கும்.

மருந்து ஒரு 1 மெக் ரெசிஸ்டர். சுவிட்சின் இரண்டு கால்களுக்குக் குறுக்கே அதைச் சாலிடர் செய்துவிடுங்கள். சுவிட்ச் திறந்திருக்கும்போதும் அந்த ரெசிஸ்டர் வழியாக டிசி மெல்லக் கசிந்து கெப்பாசிட்டரை எப்போதும் நிரப்பியே வைத்திருக்கும். 1 மெக்கும் 100 நானோவும் சேர்ந்தால் கால அளவு 0.1 விநாடி, அரை விநாடியில் முழுதாக நிரம்பிவிடும். ஒலிக்கோ, 1 மெக் கொண்ட பாதை கிட்டத்தட்ட மூடிய கதவுதான். கெப்பாசிட்டரை போர்டிலேயே வைத்து, சுவிட்சை அதன் கிரவுண்டுப் பக்கத்தில் வையுங்கள். அப்போது சுவிட்ச் சேர்ந்திருக்கையில் நீண்ட ஒயர்கள் இரண்டும் கிரவுண்டில் இருக்கும்; டியூப் லைட்டின் இரைச்சலைப் பிடிக்காது.

இன்னொன்று. இந்த வகைச் சுவிட்சுகள் ஒரு பக்கத்தை விட்ட பிறகுதான் மறுபக்கத்தைத் தொடும். இடையில் நடுக்கால் அந்தரத்தில் இருக்கும். ஆகையால் ஒலி செல்லும் பாதையில் தொடராக இருக்கும் கெப்பாசிட்டரை, ‘இதுவா அதுவா’ என்று தேர்ந்தெடுக்கும் விதமாகச் சுவிட்ச் வைக்காதீர்கள். சிறிய மதிப்பை நிரந்தரமாக வைத்துவிட்டு, வேண்டியபோது பக்கத்தில் இன்னொன்றைச் சேர்ப்பதே நல்ல வழக்கம். எம்டிஎஸ் 103 இங்கே அருமையாகப் பயன்படும். நடுவில் நிறுத்தினால் சிறிய மதிப்பு மட்டும். மேலே ஒரு கூடுதல், கீழே இன்னொரு கூடுதல். ஒரே துளையில் மூன்று குரல் கிடைக்கும். 1 மெக் ரெசிஸ்டர் இதற்கு இரண்டு வேண்டும், பக்கத்துக்கு ஒன்று.

பிக் மஃப் செய்திருப்பவர்களுக்கு இதே முறையில் ஒரு நல்ல மாற்றம் இருக்கிறது. அதன் டோன் பகுதியில் 39 கே-யும் 10 நானோவும் சேர்ந்து 408 ஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டுகின்றன. 3.9 நானோவும் 22 கே-யும் சேர்ந்து 1,850 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுகின்றன. நடுவே ஒரு பள்ளம். வீட்டில் தனியாகக் கேட்கும்போது அந்தப் பள்ளம்தான் கம்பீரமாகத் தோன்றும். மேடையிலோ, பாடகரும் கீபோர்டும் அதே நடுப்பகுதியில் நிறைந்திருக்க, கிட்டார் காணாமல் போய்விடும். 3.9-க்குப் பக்கத்தில் 6.8 நானோவை டாகிளால் சேர்த்தால் 1,850 என்பது 680-க்கு அருகில் வந்து பள்ளம் ஏறக்குறைய மூடிவிடும். சோலோ வாசிக்கும் நேரத்தில் இந்த ஒரு தள்ளல் வால்யூமைக் கூட்டுவதைவிட அதிகப் பலன் தரும்.

மிக்ஸர்/ஆம்ப் சுவிட்ச்

இப்போது முக்கிய வேலைக்கு வருவோம். 10 கே, 3.3 நானோ என்று ஒரே ஒரு ஜோடியை வைத்து 5 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வெட்டினால் போதாதா? போதாது. 10 கிலோஹெர்ட்ஸில் அது ஒலியைப் பாதிக்குச் சற்றுக் கீழேதான் குறைக்கும்; சரசரப்பு மிஞ்சியிருக்கும். அதைப் போக்கக் கெப்பாசிட்டரைப் பெரிதாக்கினால் 2 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கும் உயிரும் சேர்ந்து போய்விடும். ஸ்பீக்கரைப் போல் சட்டென்று இறங்க வேண்டுமென்றால் இரண்டு ஜோடியும் ஒரு ஆப்-ஆம்பும் சேர்ந்த ஃபில்டர் வேண்டும். சாலன்-கீ என்று அதற்குப் பெயர். 10 கிலோஹெர்ட்ஸில் கால் பங்குதான் மிஞ்சும். 3 கிலோஹெர்ட்ஸில் பெரிய இழப்பு இருக்காது.

ஒரு டிஎல் 072 ஐசி போதும்; உள்ளே இரண்டு ஆப்-ஆம்ப் இருக்கின்றன. சிறு துண்டு வெரோபோர்டில் இதைக் கட்டி, பெடலின் வால்யூம் குமிழுக்கும் வெளியேறும் ஃபுட்சுவிட்சுக்கும் நடுவே சேர்க்கிறோம்.

முதலில் மின்சாரம். 8-ஆம் காலுக்கு 9 வோல்ட், 4-ஆம் காலுக்கு கிரவுண்ட், அவற்றுக்கு நடுவே ஐசி-க்கு ஒட்டினாற்போல் ஒரு 100 நானோ. 9 வோல்ட்டிலிருந்து கிரவுண்டுக்கு இரண்டு 10 கே ரெசிஸ்டர்களைத் தொடராக வையுங்கள். அவை சந்திக்கும் இடம் 4.5 வோல்ட். அங்கிருந்து கிரவுண்டுக்கு 47 மைக்ரோ எலக்ட்ரோலிட்டிக். பெடலில் ஏற்கெனவே 4.5 வோல்ட் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து முதல் ஆப்-ஆம்ப். வால்யூம் குமிழின் நடுக்காலிலிருந்து வரும் சிக்னலை 100 நானோ வழியாக 3-ஆம் காலுக்குக் கொடுங்கள். 3-ஆம் காலிலிருந்து 4.5 வோல்ட்டுக்கு ஒரு 1 மெக். 1-ஐயும் 2-ஐயும் இணைத்துவிடுங்கள். இது பஃபர், ஃபில்டருக்கு உறுதியான தொடக்கம் தேவை என்பதற்காக.

பிறகு ஃபில்டர். 1-ஆம் காலிலிருந்து ஒரு 10 கே, அதன் முனையிலிருந்து இன்னொரு 10 கே, அது போய் 5-ஆம் காலில் சேரட்டும். 5-ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 2.2 நானோ. இரண்டு 10 கே-யும் சந்திக்கும் இடத்திலிருந்து 7-ஆம் காலுக்கு 4.7 நானோ. 6-ஐயும் 7-ஐயும் இணையுங்கள். பெரிய கெப்பாசிட்டர் 7-ஆம் காலுக்குத்தான் போக வேண்டும். இடம் மாறினால் ஃபில்டர் மொண்ணையாகிவிடும். வெட்டும் இடம் 4,950 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். இரண்டும் மைலர் எனப்படும் பாலியெஸ்டர் வகையாக இருக்கட்டும். மலிவான செராமிக் வட்டுகள் சூட்டிலும் குளிரிலும் மதிப்பு மாறக்கூடியவை.

சுவிட்ச் இங்கே மிக எளிது. மேல்காலுக்கு 1-ஆம் காலிலிருந்து ஒரு ஒயர், அதாவது பஃபர் மட்டும். கீழ்க்காலுக்கு 7-ஆம் காலிலிருந்து ஒரு ஒயர், அதாவது ஃபில்டர் வழியாக வந்தது. நடுக்காலிலிருந்து ஒரு 10 மைக்ரோ எலக்ட்ரோலிட்டிக், கூட்டல் முனை சுவிட்சைப் பார்த்தபடி. அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 100 கே, பிறகு 470 ஓம் வழியாக ஃபுட்சுவிட்சுக்கு. நெம்பு மேலே இருந்தால் மிக்ஸர், கீழே இருந்தால் ஆம்ப். இரண்டு கால்களிலும் ஏறக்குறைய ஒரே 4.5 வோல்ட் நிற்பதால் ‘பட்’ சத்தத்துக்கு இங்கே இடமில்லை, 1 மெக்கும் தேவையில்லை. கிட்டாரைச் சொருகும் முன் மல்டிமீட்டரை மேல்காலுக்கும் கீழ்க்காலுக்கும் நடுவே வைத்துப் பாருங்கள். சில மில்லிவோல்ட் காட்டினால் சரி. வோல்ட் கணக்கில் காட்டினால் 6-7 இணைப்பையோ 5-ஆம் காலுக்கு வரும் 10 கே-யையோ சோதியுங்கள். ஏதோ ஒன்று சேரவில்லை.

5 கிலோஹெர்ட்ஸ் என்பது தொடக்கம்தான். மேடைப் பெட்டியின் ஹார்ன் கொஞ்சம் மங்கலாக இருந்தால் 3.3, 1.5 நானோ ஜோடிக்கு மாறுங்கள். வெட்டும் இடம் 7 கிலோஹெர்ட்ஸைத் தாண்டும். ஃபஸ் மாதிரி கடுமையான பெடலுக்கு 6.8, 3.3 ஜோடி, 3,400 பக்கம் இறங்கும். ஐசி-க்கு சாக்கெட் போடுவது போலக் கெப்பாசிட்டருக்கும் பெண் ஹெடர் துண்டு போட்டுவிட்டால், சாலிடரிங் அயர்ன் இல்லாமலேயே மேடையில் மாற்றிப் பார்க்கலாம். எந்த ஜோடி என்பதை அறைக்குள் முடிவு செய்யாதீர்கள். மூலக்குளத்து வீட்டு அறையில் சரியாக இருந்த மதிப்பு, கடற்கரைக் காந்தி திடல் மாதிரித் திறந்தவெளியில் மந்தமாகப் போவதுண்டு. சுவர் திருப்பித் தரும் ஒலி அங்கே இல்லை.

கிட்டார் ஆம்பின் முழுக் குணத்தையும் இந்த ஃபில்டர் தந்துவிடாது. உண்மையான ஸ்பீக்கருக்கு 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு தடிப்பும், 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸுக்குள் ஒரு கூர்மையும் உண்டு. ஆனால் கேட்பவரைத் துன்புறுத்துவது மேலே இருக்கும் சரசரப்புதான். அது போனதும் மிச்சத்தை வாசிப்பவரின் விரல் பார்த்துக்கொள்ளும்.

பெட்டிக்குள்

சுவிட்சுக்குப் போகும் ஒயர்களை நீளம் குறைவாக வையுங்கள். முதல் பெருக்கத்துக்கு முன்னால் இருக்கும் இடங்களுக்கு, உதாரணமாக ஃபஸ் ஃபேஸின் உள்நுழைவுக்கு, ஷீல்டு ஒயர் போட்டு அதன் பின்னலை ஒரு பக்கம் மட்டும் கிரவுண்டில் சேருங்கள். மிக்ஸர்/ஆம்ப் சுவிட்சுக்கு அந்தச் சிரமம் வேண்டாம்; ஆப்-ஆம்பின் வெளிமுனைகள் இரைச்சலை அவ்வளவு எளிதில் பிடிக்காது. நெம்பைத் தொட்டால் ‘ஹம்’ என்று கேட்டால் சுவிட்சின் உலோக உடல் பெட்டியைத் தொடவில்லை என்று பொருள். பெயிண்ட் பூசிய பெட்டியில் இது சகஜம். துளையின் உட்பக்கம் வாஷர் உட்காரும் அளவுக்குப் பெயிண்டைச் சுரண்டுங்கள். பற்களுள்ள வாஷரைப் போட்டு நட்டை இறுக்குங்கள்.

துளை போடும் முன் ஜாக்குகளையும் குமிழையும் பெட்டியில் மாட்டி, ஒரு ஜாக்கில் பின்னைச் சொருகிப் பாருங்கள். பின்னின் நுனி உள்ளே எவ்வளவு தூரம் வருகிறது என்று பார்த்த பிறகே சுவிட்சின் இடத்தைக் குறியுங்கள். நெம்பை ஃபுட்சுவிட்சிலிருந்து விலக்கி, பெட்டியின் மேல்முனையில் வையுங்கள். ஷூ கால் பட்டு வளைந்த டாகிளை நிமிர்த்த முடியாது. ஒரு பெட்டியில் இரண்டு டாகிளுக்கு மேல் வேண்டாம் என்பேன். மூன்றாவது வந்ததும் எது எங்கே இருந்தது என்பது பாட்டின் நடுவே நினைவில் நிற்பதில்லை.

மேடையில் முதல்முறை சோதிக்கும்போது ஒரு காரியம் மறக்காமல் செய்ய வேண்டும். உங்கள் பழைய பெடலின் கத்தலை அடக்க மைக்செட்காரர் அந்தச் சேனலின் ‘ஹை’ குமிழை ஏற்கெனவே முழுக்கக் குறைத்து வைத்திருப்பார். அதை அப்படியே விட்டுவிட்டு நீங்களும் ஃபில்டரைப் போட்டால் இரண்டு வெட்டும் சேர்ந்து கிட்டார் கம்பளிக்குள் போன மாதிரி ஆகிவிடும், பழி புதிய சுவிட்ச் மேல் விழும். “அண்ணே, கிட்டார் சேனல்ல ஹை, மிட், லோ மூணையும் நடுவுல வெச்சுடுங்க, லைன் இன்புட்ல போடுங்க” என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு நெம்பைக் கீழே வைத்து இரண்டு கார்டு வாசியுங்கள். மேலே தள்ளி அதே இரண்டு கார்டு. மிக்ஸர் அருகே நிற்கும் அவருக்கு வித்தியாசம் கேட்கும். எந்த ஜோடிக் கெப்பாசிட்டர் சரி என்பதை அவரிடமே கேளுங்கள். மேடையில் பெட்டிகளுக்குப் பின்னால் நிற்கும் உங்களுக்கு ஹார்னின் ஒலி நேராகக் கேட்பதில்லை.